பாதுகாப்புக்காகக் கை தூக்கிய மகனுக்கு

வளவனூர்
கார்த்திகை, 1987

பாஸ்கர்,

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் நன்றாக இல்லை. இதைத் தபாலில் போட எனக்குத் தைரியம் இல்லை. திங்கட்கிழமைக்குள் திண்டிவனம் வந்து சேருமோ சேராதோ என்று பயமாக இருக்கிறது. அதனால் அப்பா கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை அவர் உன் அறையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒன்றும் கேட்காதே. இதில் இருப்பதை வாயால் சொல்ல அவரால் முடியாது. ஐந்து வருஷமாக முடியவில்லை.

நேற்று மத்தியானம் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தோம். அடுத்த மழைக்கு முன்னால் காயைப் பறித்து உள்ளே போட்டுவிட வேண்டுமே என்று அப்பாவும் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து சாப்பிட வந்த கலாவும் எங்களோடு உட்கார்ந்தாள். அப்போதுதான் தபால்காரர் உன் இன்லண்டு லெட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். எப்போதும்போல உன் தங்கைதான் உரக்கப் படித்தாள். உன் அறைக்கு வாடகை ஏறியது, மெஸ் சாப்பாட்டில் உப்பு அதிகம், எல்லாம் சிரித்துக்கொண்டே படித்தாள். அப்புறம் அந்த இடம் வந்தது. ப்ளஸ் ஒன்னில் ஒரு பெண், ஒரு சீனியர் சாரைப் பற்றி ஏதோ புகார் சொல்லிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். பேச்சு வெளியே போவதற்குள் ஹெச்.எம். ஸ்டாஃப் மீட்டிங் போட்டாராம். அந்தப் பெண்ணின் அப்பாவைத் திங்கட்கிழமை வரவழைத்து டி.சி. கொடுத்துவிடுவது, அடுத்த வருஷத்திலிருந்து சயின்ஸ் குரூப்பில் பெண்களையே சேர்ப்பதில்லை என்று முடிவாயிற்றாம். "எல்லோரும் கை தூக்கினோம். நானும்தான். பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு இதுதான் நல்லது" என்று எழுதியிருந்தாய்.

கலா குரலை மாற்றாமல் கடைசிவரை படித்தாள். "கலாவைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று நீ முடித்திருந்ததையும் படித்தாள். லெட்டரை மடித்து அப்பா மடியில் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்து கிணற்றடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள். "அண்ணனும் கைய தூக்கிச்சாம்மா," என்றாள். என் முந்தானையை நீட்டினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதும்மா. எல்லாத்தையும் எழுது. மறைச்சது போதும். வேற யாரு படிச்சாலும் பரவால்ல," என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். இதை நீ உன் ஹெச்.எம்முக்கும் படித்துக் காட்டலாம். அங்கே கை தூக்கிய எல்லோருக்கும் படித்துக் காட்டலாம்.

கலா சயின்ஸ் குரூப்பை விட்டு ஹிஸ்டரி குரூப்புக்கு மாறியது உனக்குத் தெரியும். அப்போது நீ மெட்ராஸில் ஹாஸ்டலில் இருந்தாய். "கெமிஸ்ட்ரி கஷ்டமாக இருக்கிறதாம்" என்று உனக்கு எழுதினோம். அது பொய். கலாவுக்குப் படிப்பில் பிடித்ததே கெமிஸ்ட்ரி ஒன்றுதான். விழுப்புரத்துப் பள்ளியில் சேர்ந்த புதிதில், பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் அடுப்படிக்கு வந்து நிற்பாள். "ஒரு சொட்டும்மா. அதுவரைக்கும் வெறும் தண்ணி மாதிரி இருந்துக்கினு இருக்குது. அந்த ஒரு சொட்டு வுழுந்ததும் மொத்தமும் ரோஸ் கலராயிடுது. அந்தச் சொட்டோட கைய நிறுத்திடணும்." மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்புத் தெளிவை விட்டு எனக்குச் செய்து காட்டினாள். பழைய பதினொன்றாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு, என் மகள் என் சமையலறையிலேயே பாடம் எடுத்தாள். எனக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று அன்று அவளிடம் சொல்லவில்லை. குழம்பு பொங்குகிறது, தள்ளு என்றுதான் சொன்னேன்.

அந்த வகுப்பில் ஐந்து பெண்கள். அதில் பத்மா என்று ஒருத்தி, செஞ்சிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண். சமணக் குடும்பம். விழுப்புரத்தில் எண்ணெய் வியாபாரம் செய்யும் மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். பொழுது சாய்ந்தால் அவர்கள் சாப்பிடமாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். பள்ளி விட்டதும் ஓடிப்போய்ச் சாப்பிட்டுவிடுவாள். பிராக்டிகல் உள்ள நாட்களில் மட்டும் அது முடியாது. கெமிஸ்ட்ரி வாத்தியார் அவளுடைய ரெக்கார்ட் நோட்டில் தப்பு இருக்கிறது, திருத்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போ என்று நிறுத்திவைப்பார். மற்ற பிள்ளைகள் போய்விடுவார்கள். அவள் வீட்டுக்குப் போகும்போது விளக்கு வைத்திருப்பார்கள். அன்று ராத்திரி பட்டினி. பெண் ஏதோ விரதம் இருக்கிறாள் என்று மாமி நினைத்துக்கொண்டாள். கெட்டிக்காரி கலாதான் கேட்டிருக்கிறாள், "ஏன்டி, வாரத்துல ரெண்டு நாளு உனுக்கு மட்டும் எப்டி தப்பு வருது?" என்று. பத்மா அழுதாளாம்.

அந்த ஆள் என்ன செய்தான் என்று நான் விவரித்து எழுதப்போவதில்லை. ஒரு வாத்தியாரின் கை படக்கூடாத விதத்தில் அந்தக் குழந்தையின்மேல் பட்டது. பிராக்டிகல் மார்க் அவன் கையில் இருந்தது. இவ்வளவு போதும். இன்னொன்று சொல்ல வேண்டும். அவன் பார்க்க மோசமானவனாக இல்லை. பெற்றோர் கூட்டத்தில் எங்களைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுவான். "சார் நல்லவர்தான்" என்று நீ எழுதியிருக்கிறாயே, அன்று என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கலா அன்றிலிருந்து பத்மாவைத் தனியே விடவில்லை. "நானும் இருந்து எழுதிட்டு இவகூடவே போறேன் சார்," என்று அங்கேயே நின்றுகொள்வாள். போகச் சொன்னாலும் போகமாட்டாள். அவளுக்கு டெஸ்ட்டில் மார்க் குறைந்தது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளைக் கேலி பேசினான். ஐந்து மணி பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலிலேயே நிறுத்தி, "எங்கடி சுத்திக்கினு வர்ற?" என்று கேட்டு ஓர் அறை விட்டேன். கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனாள். எல்லாம் தெரிந்த பிறகு, அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா ஸ்கூல நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டேம்மா," என்றாள். பாஸ்கர், இந்த வரியை நீ மறக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகள் வாய் திறக்காமல் இருப்பது அவனுக்குப் பயந்து மட்டும் அல்ல. நமக்குப் பயந்து. சொன்னால் தண்டனை தங்களுக்குத்தான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் பள்ளியில் அந்தப் பெண் துணிந்து சொன்னாள். வந்தது என்ன? டி.சி.

ஒரு நாள் லேபை ஒட்டியிருக்கும் தராசு அறைக்குள் பத்மாவை வரச்சொல்லிவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டான். கலா தட்டியிருக்கிறாள். கூப்பிட்டிருக்கிறாள். திறக்கவில்லை. மேஜைமேல் இருந்த இரும்பு ஸ்டாண்டை எடுத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டாள். சத்தம் கேட்டு ஆட்கள் ஓடிவந்தார்கள். கதவும் திறந்தது. பத்மா ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டாளாம். கலாவின் வலது கையில் தையல் போட்ட தழும்பு இருக்கிறதே, அரிவாள்மணையில் வெட்டிக்கொண்டாள் என்று உனக்குச் சொன்னோமே, அது அந்தக் கண்ணாடி.

மறுநாள் எங்களை வரச்சொல்லி ஆள் வந்தது. ஜன்னலை உடைத்ததற்காக. ஹெச்.எம். அறையில் அப்பா உட்காரவே இல்லை. துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கையில் கட்டோடு கலா எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஸ்கூல் சொத்தை ஒடச்சிருக்கா ஒங்க பொண்ணு," என்றார் ஹெச்.எம்.

"தெரியாம பண்ணிட்டா சார். கொழந்த சார். கண்ணாடிய நான் போட்டுக் குடுத்துடறேன்," என்றார் அப்பா.

கலா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "தெரியாம இல்லப்பா. தெரிஞ்சுதான் ஒடச்சேன். உள்ள பத்மா இருந்தா. சாரு கதவ தாப்பா போட்டுக்கினாரு. எவ்ளோ தட்டியும் தொறக்கல."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும். ஹெச்.எம். முகத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. இந்த மனிதருக்கு முன்பே தெரியும்.

"பொம்பளப் புள்ளைங்க விஷயம்மா," என்றார் மெல்ல. "வெளிய போனா யாருக்குக் கேவலம்? நாளைக்கு நீங்கதான் பொண்ணுக்கு மாப்பிள பாக்கணும். இத்தோட வுட்டுடுங்க. கண்ணாடி விஷயத்த நான் பாத்துக்கறேன்."

"கதவ தாப்பா போட்டவரு எங்க சார்?" என்றேன்.

"கிளாஸ்ல இருக்காரு."

"எந்தக் கிளாஸ்ல?"

அவர் மேஜைமேல் இருந்த பேப்பர்களை அடுக்கினார். "ப்ளஸ் ஒன்லதான்," என்றார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. ஆபீஸ் ரூமிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். "வா, ஜல்தி வா, மானத்த வாங்காத," என்றார். வேப்பமரத்தடியில் வந்து நின்ற பிறகு அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாள் மல்லாட்டைக் கொல்லையில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததாக ஏற்றம் இறைக்கிறவன் வந்து சொன்னான். பெண்ணின் முன்னால், "தெரியாம பண்ணிட்டா" என்று சொல்லிவிட்ட அந்த ஒரு வார்த்தை அவரை அன்றிலிருந்து தின்றுகொண்டிருக்கிறது. அவர் கலாவோடு முகம் கொடுத்துப் பேசாததை நீ கோபம் என்று நினைத்திருக்கிறாய். கோபம் இல்லை.

அடுத்த வாரம் பள்ளியில் முடிவு எடுத்தார்கள். அந்த ஆளை ஒன்றும் செய்யவில்லை. ஐந்து பெண்களையும் சயின்ஸ் குரூப்பிலிருந்து எடுத்து ஹிஸ்டரி குரூப்பில் போட்டார்கள். இனிமேல் லேப் உள்ள குரூப்பில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். நான் மறுபடியும் போனேன். "தப்பு பண்ணவன் உள்ள இருக்கான். எம் பொண்ணு வெளியவா?" என்று கேட்டேன். "எல்லாம் அவங்க பாதுகாப்புக்குத்தாம்மா," என்றார் ஹெச்.எம். நீ எழுதியிருக்கும் அதே சொல். நேற்று கலா அதைப் படித்தபோது எனக்கு அந்த அறையில் நின்றதுபோலவே இருந்தது. இன்னும் கேள். மற்ற பெண்களின் பெற்றோர் ஹெச்.எம்முக்கு நன்றி சொன்னார்கள். நல்ல காலம், பெயர் கெடாமல் தப்பித்தோம் என்றார்கள். ஜன்னலை உடைத்து ஊரைக் கூட்டிய என் மகளைத்தான் திட்டினார்கள். அவளால்தான் தங்கள் பிள்ளைகளின் படிப்பு போயிற்றாம்.

ஹிஸ்டரி வகுப்பு லேபுக்கு எதிரே. பிராக்டிகல் நாளில் பையன்கள் கண்ணாடிக் குடுவைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பது ஜன்னல் வழியாகத் தெரியுமாம். "பாக்காம இருக்கணும்னு திரும்பி ஒக்காந்துக்குவேம்மா," என்று ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் என் அடுப்படியில் சமையலுக்கு மட்டும் ஆயின.

நான் விடவில்லை. மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன். பெண்கள் பெயரோடு கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பத்மாவை அதற்குள் அவள் அப்பா ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். மற்ற மூன்று பேர் வீட்டிலும் கதவைச் சாத்தினார்கள். கலா மட்டும் கையெழுத்துப் போட்டாள். பதினாறு வயது. விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். மூன்று ஆண்கள் மேஜைக்கு அந்தப் பக்கம். நான்காவது நாற்காலியில் அந்த ஆள், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவன் முகத்துக்கு நேராகவே, அவன் என்ன செய்தான், நீ கண்ணால் பார்த்தாயா, உனக்கும் அவருக்கும் மார்க் விஷயத்தில் கோபம் உண்டா, நீ ஏன் அந்த நேரத்தில் அங்கே நின்றாய் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பதில் சொல்லிவிட்டு வெளியே வந்து, வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

அங்கே ஒரு தமிழ் டீச்சர் இருந்தார். நல்ல மனுஷி. கண்ணாடி உடைந்த அன்று முதலில் ஓடிவந்தது அவர்தான். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததைக் கண்ணால் பார்த்தவர். கலாவின் கைக்குத் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டியவர். அவரிடம் கேட்டபோது, தான் வருவதற்குள் கதவு திறந்திருந்தது என்று சொல்லிவிட்டார். பிறகு பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எனுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதும்மா. தூரமா மாத்திட்டாங்கன்னா இன்னா பண்ணுவேன்? என்ன மன்னிச்சிடுங்கம்மா." நான் அவரைத் திட்டவில்லை. திட்ட எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் மகனே, அந்த ஆளை நினைத்தால்கூட எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. அந்த டீச்சரை நினைத்தால்தான் வருவதில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கெட்டவன் ஒருவன்தான். அவனைக் காப்பாற்றியது முழுக்க நல்லவர்கள்.

சாட்சி இல்லை என்று முடித்துவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அவனை வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றினார்கள். எந்த ஊர் என்று கேட்டேன். சொல்லவில்லை. முகையூர்ப் பக்கம் என்றார் ஒருவர். வடக்கே என்றார் இன்னொருவர். அங்கேயும் ஒரு லேப் இருக்கும். அங்கேயும் பெண் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு அவன் யாரென்று தெரியாது. எங்கே போய் யாரிடம் சொல்வேன்? எத்தனை ஊருக்குப் போய் எத்தனை கேட்டில் நிற்பேன்? இதை நினைத்து நினைத்து நான் பைத்தியமாகாமல் இருப்பதே பெரிய காரியம்.

போன வருஷம் நானும் கலாவும் கூட்டேரிப்பட்டில் பஸ் மாற நின்றபோது பத்மாவைப் பார்த்தோம். இடுப்பில் குழந்தை. ஊருக்கு அழைத்துப் போன அதே வருஷமே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். கலாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் புருஷன், மாமியார். கலாவும் தெரியாதவள்போலவே நின்றாள். அவர்கள் பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை வெளியே வந்தது. கலா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். பஸ் நகர நகரக் கூடவே ஓடினாள். கண்டக்டர் திட்டியபிறகுதான் விட்டாள். வளவனூர் வந்து இறங்கும்வரை உன் தங்கை அந்த உள்ளங்கையை மூடியே வைத்திருந்தாள்.

உனக்கு இதெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். "அண்ணனுக்குச் சொல்லாதீங்க. படிப்ப வுட்டுட்டு ஓடிவந்து அவன அடிச்சிடும். ஜெயிலுக்குப் போயிடும்," என்று கலா கெஞ்சினாள். நீ அடிப்பாய் என்றுதான் அவள் நம்பினாள். அப்படிப்பட்ட அண்ணன் என்று நம்பினாள். நீயோ தீபாவளிக்குத் தீபாவளி வந்து, "பிப்பெட்டைப் பாத்தே பயந்து ஓடினவ" என்று அவளைக் கிண்டல் செய்வாய். வந்தவர்கள் முன்னாலும் சொல்வாய். அவள் சிரிப்பாள். உன் இலையில் இன்னொரு வடை வைத்துவிட்டுச் சிரிப்பாள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். உன்மேல் தப்பில்லை. உனக்குத் தெரியாது. ஆனால் இப்போது தெரிந்துவிட்டது. இனிமேல் தெரியாது என்று சொல்ல உனக்கு வழியில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. நீ எம்.எஸ்சி. படித்தவன், நாலு பேருக்குப் பாடம் சொல்கிறவன். ஆனாலும் கேள். ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு பெண் காரணமில்லாமல் வந்து நின்றால் என்ன வேண்டும் என்று அதட்டாதே. கையில் இருப்பதைக் கீழே வை. அவள் பேசுகிறவரை காத்திரு. அவள் சொல்லும்போது, நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்காதே. நான் வாசலில் நிறுத்தி அறைந்தது போதும். அவளை அந்த ஆளுக்கு எதிரே உட்காரவைத்துக் கேட்கவிடாதே. பெண் டீச்சர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அவள் அம்மாவை வெளியே நிறுத்தாதீர்கள். விசாரணை முடிகிறவரை அந்த ஆள் வெளியே இருக்கட்டும், அவள் வகுப்பில் இருக்கட்டும். சயின்ஸ் குரூப்பைப் பெண்களுக்கு மூடுவது பாதுகாப்பு இல்லையடா. திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரனைத் துரத்துவதற்கு என்ன பெயரோ அதுதான் இது. எந்தத் தப்பும் செய்யாத எத்தனை பெண்களின் வாழ்க்கையை அன்று உங்கள் கைகள் தூக்கி எறிந்தன என்று எண்ணிப் பார். அதில் ஒருத்திக்கும் அந்த ஒரு சொட்டு எப்போது விழும் என்று பார்த்து நிற்கிற சந்தோஷம் இனிக் கிடைக்காது.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் அப்பா வருவார். துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். உங்கள் ஹெச்.எம். வெளியே போனால் யாருக்குக் கேவலம் என்று கேட்பார். அந்த அப்பா டி.சி.யை வாங்கிக்கொண்டு, ஐயா நல்லாயிருக்கணும் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அதற்கு முன்னால் நீ எழுந்திருக்க வேண்டும். நான் கை தூக்கியது தப்பு, அதை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் சொன்னதை முதலில் விசாரியுங்கள் என்று சொல்ல வேண்டும். உனக்குப் புது வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. எனக்குத் தெரியும். உன்னைத் தூக்கி எங்கேயாவது போடலாம். வேலையே போகலாம். நேற்று ராத்திரி அப்பாவிடம் இதைச் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போனா போவட்டும். கொல்லையில வேல இல்லாமயா பூடுச்சி?" என்றார். கலாவைப் பார்த்துச் சொன்னார், பாஸ்கர். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

பெற்றவள் பிள்ளை காலில் விழக்கூடாது என்பார்கள். விழச் சொன்னால் விழுகிறேன். எனக்கு உன்னிடம் இதைவிட வேறு ஒன்றும் வேண்டாம். பணம் அனுப்ப வேண்டாம், பொங்கலுக்குப் புடவை வேண்டாம். என் மகள் நான்கு ஆண்களுக்கு முன்னால் நின்று பதில் சொன்னாள். என் மகன் தன் கையை இறக்க மாட்டானா? அவன் இறக்கவில்லை என்று கேட்டுவிட்டு மிச்ச நாளை நான் எப்படி ஓட்டுவேன், சொல்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானும் கலாவும் திண்டிவனம் வருகிறோம். நான் வரச்சொல்லவில்லை. அவள்தான், "அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட நான் பேசணும்மா, அவுரு டி.சி.ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி பேசணும்," என்கிறாள். இன்ஸ்டிட்யூட்டில் லீவு சொல்லிவிட்டாள். பள்ளி மணி அடிப்பதற்கு முன்னால் கேட் அருகே நிற்போம். யார் இந்த இரண்டு பொம்பளைகள் என்று உங்கள் ஹெச்.எம். கேட்பார். நீ உள்ளே இருப்பாய். என்ன சொல்வதென்று நீயே முடிவுசெய்துகொள்.

அம்மா